மொத்தத்துல பத்தா, மிச்சத்துல பத்தா?

கேள்வி: ஐயா, எங்க ஊரு மன்னார்குடி பக்கம். அஞ்சு ஏக்கர் வாய்வார்த்தைக் குத்தகைக்கு எடுத்து நானும் வீட்டுக்காரரும் பாடுபடுறோம். குறுவை நெல்லு டிபிசில, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துல போட்டு 2,44,320 ரூபா அவரு அக்கவுண்டுல ஏறிடுச்சு. சாகுபடி செலவு 1,52,000, குத்தகை 45,000. எங்க சபையில புது ஆலயம் கட்டுறாங்க. போன மாசம் வெளியூர் பிரசங்கியார் ஒருத்தர் வந்து, மொத்த வருமானத்துல தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு, குடுக்காதவன் தேவனையே வஞ்சிக்கிறவன்னு பேசினாரு. எங்க வீட்டுக்காரரு எழுந்து போயி 25,000னு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாரு, மைக்ல பேரையும் வாசிச்சிட்டாங்க. என் செயின் 90,000க்கு அடகுல இருக்கு, உரக்கடையில பாக்கி, நடவு ஆளுங்களுக்குக்கூட 8,400 நிக்குது, அவங்க தெரிஞ்சவங்கதான், கேக்க மாட்டாங்க. மாமியாருக்குக் கண்ணு ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போவுது. நான் ஏதாவது சொன்னா உனக்கு விசுவாசம் இல்லங்குறாரு. பயத்துல ஆறாயிரத்த எடுத்து அரிசி டிரம்முக்குள்ள வச்சிருக்கேன். இது பாவமா? மொத்தத்துல குடுக்கணுமா, மிச்சத்துலயா?

பதில்: தங்கச்சி, உன் லெட்டர மூணு தரம் படிச்சேன். முதல் தரம் படிச்சப்பவே கை தானா கால்குலேட்டருக்குப் போயிடுச்சு, முப்பது வருஷத்துக்கு மேல பேங்க்ல விவசாயக் கடன் பாத்தவனுக்கு வேற என்ன வரும். 240 சிப்பம் போட்டிருப்பீங்க, சிப்பத்துக்கு 40 கிலோன்னா 96 குவிண்டால், சன்ன ரகம் 2,545 ரூபா, நீ சொன்ன தொகை ரூபா சுத்தமா வருது. சரியா எழுதுற பொண்ணுன்னு தெரிஞ்சுது, அதனாலதான் இவ்ளோ நீளமா பதில் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், நான் பாஸ்டர் இல்ல. ரிட்டயர் ஆனப்புறம் எங்க சபையில ஒம்பது வருஷம் பொருளாளரா இருந்தேன், அவ்வளவுதான். குடுக்குறவங்க கஷ்டத்த பேங்க்ல பாத்தேன், வாங்குறவங்க கஷ்டத்த சபையில பாத்தேன், ரெண்டையும் வச்சுப் பேசுறேன்.

உன் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. செயினு அடகு வச்சது எந்த வட்டிக்குன்னு நீ எழுதல, ஆனா கூட்டுறவுச் சங்கத்துல இல்ல, வெளியிலதான் இருக்கும்னு நெனைக்குறேன். நூத்துக்கு ஒன்றரைன்னு வச்சுக்கிட்டா தொண்ணூறாயிரத்துக்கு மாசம் 1,350, அஞ்சு மாசத்துக்கு 6,750. இத நீ செலவுல சேக்கவே இல்ல. முக்காவாசிப் பேரு சேக்க மாட்டாங்க, வட்டின்னா அது என்னமோ வீட்டுச் செலவு மாதிரி, வயலுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்லாத மாதிரி. ஆக 2,44,320ல சாகுபடி, குத்தகை, வட்டி மூணும் போனா உங்க கையில நிக்கிறது 40,570. அதுலயும் நீங்க ரெண்டு பேரும் வெயில்லயும் சேத்துலயும் நின்னதுக்குக் கூலி போடல. இப்ப மாப்பிள்ளை சொல்ற மொத்தத்துல பத்துல ஒண்ணுன்னா 24,432. அத ரவுண்டா 25,000னு எழுதிட்டாரு. 40,570 சம்பாதிச்சவரு 24,432 குடுக்குறாருன்னா அது பத்துல ஒண்ணு இல்லம்மா, நூத்துக்கு அறுபது. பைபிள்ல வர்ற பணக்காரன் சகேயு கூட பாதிதான் குடுத்தான்.

இந்தக் கணக்கு மாப்பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்காது, பிரசங்கம் பண்ணவருக்கும் தெரிஞ்சிருக்காது, ரெண்டு பேரு மேலயும் நான் தப்பு சொல்லல. மாசச் சம்பளக்காரனுக்கு மொத்தம்னா சம்பளச் சீட்டுல இருக்குற தொகை, பிடித்தம் போக கொஞ்சம் கொறையும், பெரிய வித்தியாசம் வராது. விவசாயிக்கு மொத்தம்னா அது வருமானமே இல்ல, வரவு. டீக்கடைக்காரர் கல்லாவுல நாளைக்கு மூவாயிரம் விழுந்தா அது பூரா அவரு காசா? பால்காரன் காசு, கேஸ்காரன் காசு, மாஸ்டர் சம்பளம் எல்லாம் அதுலதான கெடக்கு. டிபிசி பணம் ஏறுன அன்னிக்கு போன்ல மெசேஜ் வந்ததும் ரெண்டேகால் லட்சத்துக்கு மேல பாத்தா யாருக்கும் தலை கொஞ்சம் சுத்தத்தான் செய்யும், நானே கவுண்டர்ல நின்னு எத்தன பேரப் பாத்திருக்கேன், அன்னிக்கு சாயங்காலமே டிவி வாங்குனவங்க உண்டு. மாப்பிள்ளை டிவி வாங்கல, ஆண்டவருக்குன்னு எழுதினாரு. மனசு நல்ல மனசுதான், அத நீ மறந்துடாத.

வேதத்துல என்ன இருக்குன்னு கேட்டா, மாப்பிள்ளை பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அத மறைச்சா நான் யோக்கியன் இல்ல. உபாகமம் 14ல, வயல்ல விளையுற எல்லாப் பலன்லயும் தசமபாகம் பிரிக்கணும்னுதான் சொல்லியிருக்கு, செலவு போகன்னு இல்ல. ஆனா அந்த வயலு யாருது? பாட்டன் பூட்டன் வழியா வந்த சொந்தக் காணி. குத்தகை இல்ல, யூரியா இல்ல, அறுப்பு மெஷினுக்கு மணிக்கு இவ்வளவுன்னு வாடகை இல்ல, சகோதரன்கிட்ட வட்டி வாங்கக் கூடாதுன்னு அதே புஸ்தகத்துல சட்டம். அந்தத் தசமபாகம் போனது யாருக்குன்னும் பாக்கணும். கோயில் ஊழியம் பண்ண, நிலமே குடுக்கப்படாத லேவியருக்கு அதுதான் பங்கு. உபாகமம் 14லயே, அத உன் வீட்டாரோட ஆண்டவர் சந்நிதியில சாப்பிடுன்னு இருக்கு, மூணாவது வருஷத்துது ஊருக்குள்ளயே வச்சு லேவியன், பரதேசி, தகப்பன் இல்லாத புள்ள, விதவை எல்லாரும் வந்து திருப்தியா சாப்பிடணும்னு இருக்கு. இதயெல்லாம் விட்டுட்டு பத்து பர்சென்ட்ட மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டு வந்து, குத்தகைக்காரன் கழுத்துல மாட்டுறது எந்த ஊரு நியாயம்னு எனக்குப் புரியல.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தா சபைக்கு இவ்வளவு பர்சென்ட்டுனு பவுல் ஒரு எடத்துலயும் போடல. கொரிந்தியருக்கு எழுதுறப்ப, வாரத்தோட முதல் நாள்ல அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி சேத்து வைக்கட்டும்ங்குறாரு. ரெண்டாவது நிருபத்துல, இல்லாததின்படி இல்ல, உள்ளதின்படியேதான் அங்கீகரிக்கப்படும்ங்குறாரு, அடுத்த வரியிலயே, மத்தவங்களுக்கு சகாயமும் உங்களுக்கு வருத்தமும் வரணும்னு நான் இத சொல்லலங்குறாரு. அதுக்கு அடுத்த அதிகாரத்துலதான், சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான்னு வருது, உங்க மீட்டிங்ல அந்த ஒரு வசனத்த மட்டும் பத்து தரம் சொல்லியிருப்பாங்க. பவுல் அந்தக் காசு வசூல் பண்ணது எருசலேம்ல இருந்த ஏழை விசுவாசிகளுக்கு, கட்டடத்துக்கு இல்ல. விதைச்சவனுக்கு பத்து மடங்கு பணம் திரும்பி வரும்னும் அவரு சொல்லல. டெல்டாக்காரனுக்கு இது தனியா சொல்லணுமா, விதைய அள்ளிக் கொட்டுனா நெல்லு அள்ளிக்கிட்டு வந்துடுமா, ஒத்த நாத்து நடவுல ஏக்கருக்கு ரெண்டு மூணு கிலோ விதையிலயே நல்லாத்தான் விளையுது.

ஆலயம் கட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. நம்ம தரங்கம்பாடியில 1718ல கட்டுன புது எருசலேம் ஆலயம் இன்னிக்கும் நிக்குது, அதப் பாத்தா எனக்கும் பெருமையாத்தான் இருக்கும். ஆனா இதே டெல்டாவுல மாயவரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கரு, 1876-லேர்ந்து 78 வரைக்கும் அடிச்ச பெரும் பஞ்சத்துல தன் கைக்காச எடுத்து ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்தினாரு. அவரு குடுத்தது அவரு சொந்தக் காசு, அதத்தான் நான் இங்க பாக்குறேன்.

இப்ப உனக்கு கொஞ்சம் கசக்குற விஷயத்துக்கு வரேன். பிரசங்கியார் வாசிச்சது மல்கியா 3ஆம் அதிகாரம் 8ஆம் வசனம், மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமான்னு வருமே, அது. வீட்டுல பைபிள எடுத்து அதுக்கு மூணு வசனம் மேல, 5ஆம் வசனத்த வாசிச்சுப் பாரு. கர்த்தர் நியாயத்தீர்ப்புக்கு வரப்போறேங்குறாரு. யாருக்கு விரோதமா? சூனியக்காரன், விபசாரக்காரன், பொய்யாணை இடுறவன், அதுங்க கூட ஒரே வரிசையில, கூலிக்காரரோட கூலிய அபகரிச்சுக்குறவன். அதே அதிகாரம், அதே பக்கம். எத்தன மேடையில 8ஆம் வசனத்த கேட்டிருக்கேன், 5ஆம் வசனத்த வச்சு ஒரு பிரசங்கம்கூட நான் இதுவரைக்கும் கேட்டதில்ல.

நீ லெட்டர்ல எல்லாத்துக்கும் கவலப்பட்டிருக்க, செயினு, உரக்கடை, மாமியார் கண்ணு. அந்த 8,400 ரூபாய மட்டும் "தெரிஞ்சவங்கதான், கேக்க மாட்டாங்க"ன்னு ஒரு வரியில தாண்டிட்ட. ஆடியில நட்டுட்டுப் போன பொம்பளைங்களுக்கு ஐப்பசி வரைக்கும் காசு போவல. ஏன் கேக்க மாட்டாங்கன்னு உனக்கே தெரியும். கேட்டா குறுவைக்கு அடுத்து வர்ற தாளடி நடவுக்கு வேற செட்டக் கூப்புட்டுடுவீங்களோன்னு பயம். உன் செயினு கடையில லாக்கருக்குள்ள பத்திரமா இருக்கு, அவங்க வீட்டுல இந்த நாலு மாசமும் யாருகிட்ட எந்த வட்டிக்கு வாங்கித் தின்னாங்களோ. கூலிக்காரன் கூலி விடியுற வரைக்கும்கூட உங்கிட்ட இருக்கக் கூடாதுன்னு லேவியராகமம் 19ல இருக்கு. யாக்கோபு எழுதுறப்ப, உங்க வயல அறுத்தவங்களோட பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தர் காதுல விழுந்துடுச்சுங்குறாரு. அவங்க கேக்கலம்மா, கூலி கேக்குது. இந்த மண்ணுல கூலிங்கிறது சின்ன வார்த்தையும் இல்ல, கூலி உயர்வு கேட்டுப் போராடுன ஜனங்க 44 பேரு கீழ்வெண்மணியில எரிஞ்சது 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி, ஊரெல்லாம் நாம கிறிஸ்துமஸ் கொண்டாடுன அதே ராத்திரி. நீ அந்தப் பண்ணையாருங்க மாதிரின்னு நான் சொல்லவே இல்ல, நீயும் குத்தகைக்காரிதான். ஆனா அவங்க காச வச்சுக்கிட்டு மாப்பிள்ளை 25,000 எழுதுறாருன்னா அது கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்ச கதைதான். பழமொழி பிள்ளையாரு பழமொழி, ஆனா நம்ம சபைக்கும் பொருந்துது, என்ன பண்றது.

மொத்தமா மிச்சமான்னு கேட்டல்ல. முதல்ல எது உங்க காசுன்னு பிரிங்க. கூலி, குத்தகை, உரக்கடை, அடகு இதெல்லாம் அடுத்தவங்க காசு, உங்க அக்கவுண்டுல கொஞ்ச நாளு தங்கியிருக்கு. மீதி 40,570தான் உங்களுது, அதுலேர்ந்து குடுக்குறதுதான் காணிக்கை. பத்துல ஒண்ணுன்னா 4,057. அதுக்கு மேல குடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் மனசு வந்தா தாராளமா குடுங்க, யாரு வேணாங்குறா. விசனமாவும் இல்லாம கட்டாயமாவும் இல்லாம தன் மனசுல நெனச்சபடி குடுக்கணும்னுதான் இருக்கு. மைக்ல பேரு வாசிச்சு எழுத வைக்குறது கட்டாயம் இல்லன்னா வேற எது கட்டாயம்னு எனக்குத் தெரியல. நான் பொருளாளரா வந்த ரெண்டாவது வருஷமே எங்க சபையில அத நிறுத்தச் சொன்னேன், அதுக்காக ஒரு வருஷம் ரெண்டு பேரு எங்கூட பேசல.

அதுக்காக, "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்"னு கடனக் காட்டி கைய மூடிக்கிறதும் எனக்குப் பிடிக்காது. அப்படிப் பாத்தா விவசாயிக்கு எந்த வருஷம் மிஞ்சியிருக்கு, சாவுற வரைக்கும் யாருக்கும் ஒரு டம்ளர் மோரு குடுக்க முடியாது. எங்க ஆச்சி உலைக்கு அரிசி களையுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போடும், வீட்டுல அரிசி இருந்த நாளும் போடும், கடன் வாங்கிட்டு வந்த அரிசியிலயும் போடும். கடன் அரிசில ஏன் ஆச்சின்னு ஒருக்கா கேட்டதுக்கு, "நாம திங்குறதுலேர்ந்துதானடா எடுக்குறேன், கடக்காரனுக்குத் தரவேண்டியதுலேர்ந்தா எடுத்தேன்"னுச்சு. எனக்கு அப்ப புரியல.

ரெண்டு காசு போட்ட விதவைய எடுத்துக்கிட்டு வருவாங்க, உனக்கும் சொல்லியிருப்பாங்க. எங்க சபையில ஒரு பாட்டி இருந்துச்சு, அரசாங்க உதவித்தொகை 1,200 ரூபா வரும், மாசா மாசம் கவர்ல 120 வச்சுப் போடும், நூறு ரூபா நோட்டு ஒண்ணு, பத்து ரூபா ரெண்டு. முதல் தரம் அந்தக் கவர எண்ணுனப்ப எனக்குக் கையெழுத்துப் போட முடியல. திருப்பிக் குடுத்தா அது மனசு உடைஞ்சு போயிடும், வாங்கி வச்சா நான் உடைஞ்சிடுவேன் போல இருந்துச்சு. கமிட்டில பேசி அந்தப் பாட்டிக்கு மாசம் அரிசியும் மருந்தும் சபையிலேர்ந்து போற மாதிரி பண்ணோம், அதுக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்சேதான், காணிக்கைய அது நிறுத்தவும் இல்ல. இயேசு அந்த விதவையப் புகழ்ந்தாரு, சரி, ஆனா மாற்கு 12ல அதுக்கு முந்தின வசனத்துலயே விதவைங்க வீட்ட விழுங்குறவங்கள வெளுத்து வாங்குறாரு. அந்த விதவை தானா பாத்துக் குடுத்துச்சு, யாரும் அதுகிட்ட சீட்டு நீட்டல.

இப்ப எழுதிக் குடுத்த சீட்டுக்கு வருவோம். அதக் கிழிச்சுப் போட்டுட்டு சும்மா இருந்துடலாம்னு நான் சொல்ல மாட்டேன், தனக்கு நஷ்டம் வந்தாலும் சொன்ன வார்த்தை மாறாதவன்னு சங்கீதம் 15ல பெருமையா சொல்லியிருக்கு, மாப்பிள்ளைக்கும் ஊருல ஒரு மரியாத இருக்கு. அவரு நேரா உங்க பாஸ்டர் ஐயாகிட்ட போயி, நான் வரவையும் வருமானத்தையும் கொழப்பிக்கிட்டேன், இந்தப் பட்டத்துக்கு இவ்வளவு தரேன், மீதிய அடுத்தடுத்த பட்டத்துல மிச்சத்துலேர்ந்து தரேன், டைம் குடுங்கன்னு கேக்கட்டும். எங்க சபையில பாதி சீட்டு வருஷக்கணக்குல பீரோவுலயே தூங்கிச்சு, யாரும் செத்துப் போவல. நல்ல போதகர்னா கணக்கக் கேட்டுட்டு, முதல்ல கடன அடைங்கன்னு அவரே சொல்லுவாரு. சொல்லலன்னா உங்களுக்கு வேற ஒரு விஷயம் தெரிஞ்சு போயிடும். போனதோட கட்டடக் கணக்கு எங்க எழுதுறாங்க, ரசீது உண்டா, யாரு ஆடிட் பண்றாங்கன்னும் மரியாதையா கேளுங்க. கேட்டா விசுவாசக் கொறைச்சல் இல்ல, பவுலே அந்தத் தர்மப் பணத்தக் கொண்டுபோக தனியா போவாம நம்பிக்கையான ஆளுங்களச் சேத்து அனுப்பினாரு, ஒருத்தரும் எங்களக் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு. பொருளாளரா இருந்தவனுக்கு பைபிள்ல ரொம்பப் பிடிச்ச எடம் அது.

மாமியார் கண்ணுக்குப் பணம் தடையே இல்ல. கண்புரை ஆபரேஷன்னா அரசு ஆஸ்பத்திரியில இலவசம், லென்ஸும் சேத்து. கூடப் போயி ரெண்டு நாளு நிக்க ஒரு ஆளுதான் வேணும், அத மாப்பிள்ளை செய்யட்டும். அப்பா அம்மாவுக்குப் பண்ண வேண்டியத கொர்பான்னு சொல்லி காணிக்கைக் கணக்குல தள்ளுறவங்கள இயேசு மாற்கு 7ல விட்டு வைக்கவே இல்ல, அத அவருகிட்ட சண்டையா சொல்லாம, நேரம் பாத்து வாசிச்சுக் காட்டு. செயின இந்தப் பணத்துலயே மீட்டுடு, தாளடிக்கு மறுபடியும் அங்கயே கொண்டுபோயி வைக்காத. நிலத்துக்காரர்கிட்ட பேசி, விஏஓகிட்ட சாகுபடி அடங்கல், அதான் யாரு பயிர் பண்றாங்கன்னு காட்டுற சான்று, வாங்க வழி இருக்கான்னு பாருங்க, இருந்தா சங்கத்துல பயிர்க்கடன் கெடுவுக்குள்ள கட்டினா வட்டி கெடையாது. நிலத்துக்காரங்க கையெழுத்துப் போட யோசிப்பாங்க, தெரியும், இருந்தாலும் கேளுங்க. நீ கட்டுற அந்த 6,750 வட்டி உங்க தசமபாகத்த விடப் பெருசு.

கடைசியா அந்த டிரம்மு. நிலத்த வித்த காசுல ஒரு பங்க ஒளிச்சு வச்சுட்டு செத்துப்போன அனனியா சப்பீராள் கதைய நெனச்சு நீ நடுங்கிக்கிட்டு இருப்பன்னு எனக்குத் தெரியும். அங்க பேதுரு என்ன சொல்றாரு, விக்கிறதுக்கு முன்னாடி அது உன்னுதுதான, வித்தப்புறமும் காசு உன் வசம்தான இருந்துச்சுன்னுதான கேக்குறாரு. பூராவும் குடுக்காததுக்கு அவங்க சாவல, பூராவும் குடுத்ததா பொய் சொன்னதுக்கு. நீ குடும்பத்துக்குன்னு பயந்து வச்ச, திருட்டு இல்ல, ஆனா ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு கணக்கு ஓடுனா அப்புறம் மாப்பிள்ளை சொல்றத நீ நம்ப மாட்ட, நீ சொல்றத அவரு நம்ப மாட்டாரு. இன்னிக்கு ராத்திரி சாப்புட்டதும் டிரம்முலேர்ந்து அந்த ஆறாயிரத்த எடுத்து அவரு முன்னாடி வையி. திட்டுவாரு, கேட்டுக்க. அப்புறம் நான் போட்ட இந்தக் கணக்க ஒரு பேப்பர்ல எழுதி, அந்த 40,570ஐ வட்டம் போட்டுக் காட்டு. அக்கவுண்டுலேர்ந்து இன்னொரு 2,400 எடுக்கச் சொல்லி அதோட சேத்து, சனிக்கிழம சாயங்காலம் ரெண்டு பேருமா நடவுக்காரங்க தெருவுக்குப் போயி ஆளாளுக்கு எண்ணிக் குடுத்துட்டு வாங்க, லேட்டானதுக்கு ஒரு வார்த்தையும் சொல்லிட்டு வாங்க. ஞாயித்துக்கிழம கவர்ல எவ்வளவு வைக்கிறதுன்னு வர்ற வழியில பேசிக்கலாம்.